மைக்கை நிறுத்தச் சொன்னார்

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் தெருவில் சிவப்பிரகாசத்தின் பாத்திரக் கடை காலை எட்டரைக்குத் திறந்துவிடும். ஷட்டரைத் தூக்கியதும் எவர்சில்வர் குடங்களை வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். கடையில் ஆள் இருந்தாலும் அந்த வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடையைத் திறக்கவே இல்லை. அன்று வியாபாரிகள் சங்கத்தின் வெள்ளி விழா. சங்கச் செயலாளர் அவர்தான்.

பந்தல், நாற்காலி, மைக் செட், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. மிஷன் பள்ளிக்கூடத்து பேண்டு குழுவை அழைத்ததும் அவர்தான். அவருடைய மகள் அனுப்ரியா அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். பேண்டில் டிரம் அடிப்பாள். குழுவை நடத்தியவர் ஜூடித் டீச்சர். சொல்லிக்கொடுத்தவர் டீச்சரின் கணவர் டேவிட். டேவிட்டுக்கு மைன்ஸில், அதாவது தங்கச் சுரங்கத்தில், வேலை. சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலில் நின்று, ஆட்களை ஏற்றும் கூண்டான கேஜ் இறங்கவும் ஏறவும் மணி அடிப்பவர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் பிள்ளைகளுக்கு டிரம்பெட் கற்றுத்தருவார். அவர் வாசித்தால் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சமையலை விட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள்.

விழாவின் சிறப்பு விருந்தினர் கஜபதி. ஊரில் அவரை எல்லோரும் சாவுகார் என்றுதான் சொல்வார்கள். ஒரு சினிமா தியேட்டர், கல்யாண மண்டபம், ஐந்து பஸ், மார்க்கெட் தெருவில் பாதிக் கட்டடங்கள் அவருடையவை. சிவப்பிரகாசத்தின் கடை இருந்ததும் அவர் கட்டடத்தில்தான். கோடையில் குழாய் வறண்டால் பேத்தமங்களாப் பக்கத்திலிருந்து அவருடைய லாரிதான் தண்ணீர் கொண்டுவரும். மைன்ஸை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்த நேரம் அது. மைன்ஸ் போனால் சம்பளம் போகும், சம்பளம் போனால் கடைகளும் போகும் என்று வியாபாரிகள் பயந்துகிடந்தார்கள். கஜபதி ஒரு ஃபேக்டரி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் அவர் தும்மினால்கூட நல்ல சகுனம் என்று சொல்ல ஆள் இருந்தது.

மாலை நாலு மணிக்குக் கூட்டம் நிறைந்துவிட்டது. பேண்டுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் மேடைக்கு எதிரே வரிசையாக நின்றார்கள். கடைசியில் வாசிக்கவேண்டும் என்பதற்காகக் காத்திருந்தார்கள். கஜபதி பேச ஆரம்பித்தார். முதலில் வியாபாரம், பிறகு ஃபேக்டரி. பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. மைன்ஸுக்காக இந்த மண்ணுக்கு வந்தவர்கள், வந்த இடத்தில் சாமியை மாற்றிக்கொண்டவர்கள், மைன்ஸ் மூடியதும் மூட்டை கட்டவேண்டியவர்கள் யார் யார் என்று அவர்களுக்கே தெரியும் என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து பேண்டு வரிசையைப் பார்த்தார். சிரித்தார். வலது கைக் கட்டைவிரலை இடது காதுக்குக் கீழே வைத்து, வலது காது வரைக்கும் நிதானமாக இழுத்தார். ஒருமுறை இழுத்தது போதாது என்பதுபோல் இன்னொரு முறையும் இழுத்தார்.

அந்தச் சைகை என்னவென்று கூட்டத்தில் தெரியாதவர் இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால், பங்காருபேட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்தில், தர்மப்படை என்று பேர் வைத்துக்கொண்ட ஒரு கும்பல் ஜெபக்கூடத்தை இடித்துத் தள்ளி, உள்ளே இருந்தவர்களை அடித்துப்போட்டது. இடித்தவர்களில் ஒருவன் இதே மாதிரி கழுத்தில் விரலை இழுத்துக் காட்டிய படம் பேப்பரில் வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஊர்வலத்தில் எல்லாம் அதுதான் அடையாளம். கஜபதி விரலை இழுத்ததும் முன் வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து இளைஞர்கள் விசிலடித்து அதையே திருப்பிக் காட்டினார்கள். அனுப்ரியாவின் கையிலிருந்து டிரம் குச்சி கீழே விழுந்தது. ஜூடித் டீச்சர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கஜபதி இன்னும் கால் மணி நேரம் பேசினார். மேடையில் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த சிவப்பிரகாசம் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார்.

சாக்குப்போக்குகள் அன்று மாலையே கிளம்பிவிட்டன. பூமாலையிலிருந்த பூச்சி கழுத்தில் ஏறிவிட்டது என்றார் ஒருவர். புதுச் சட்டையின் காலர் உறுத்தியிருக்கும் என்றார் இன்னொருவர். சாவுகாருக்கு நாலு வருஷமாகக் கழுத்து வலி, டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று ஒருவர் மருந்துச் சீட்டின் பெயரையெல்லாம் சொன்னார். வேர்வையைத் துடைத்தார், சங்கிலியைச் சரிசெய்தார், பிள்ளைகளோடு விளையாடினார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பூச்சி என்றவரும் கழுத்து வலி என்றவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒருவர் சொன்னது சரியென்றால் மற்றவர் சொன்னது பொய் என்று இருவருமே கவலைப்படவில்லை. எதையாவது சொல்லி, கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்கிவிட்டால் போதும். விழாவை வீடியோ எடுத்த கேபிள்காரன் உதய், அந்த நேரம் பார்த்து பேட்டரி மாற்றிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டான். கஜபதி மட்டும் எந்த விளக்கமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை.

வீட்டில் அனுப்ரியா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "எங்களைப் பாத்துத்தான்பா காட்டினாரு. ஜூடித் டீச்சரையும் பாத்தாரு" என்றாள்.

"நீ தூரத்துல நின்னே. உனக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது" என்றார் சிவப்பிரகாசம்.

அடுப்படியில் இருந்த அவர் மனைவி ராஜம் வெளியே வந்து நின்றாள். அவளும் விழாவுக்குப் போயிருந்தாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. கணவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மகளின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஜூடித் டீச்சர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார் என்ற செய்தி வந்தது. சங்கத் தலைவர் வெங்கடசாமி உடனே சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். வெங்கடசாமிக்கு ஜவுளிக்கடை. நல்லவர் என்று பெயர் எடுத்தவர். சங்கத்தின் பேரில் ஒரு நோட்டீஸ் போட்டுவிடவேண்டும், ஆளுக்கொன்று பேசினால் நம்ப மாட்டார்கள், எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்லவேண்டும் என்றார். மேடையில் பக்கத்தில் இருந்தவர் எழுதினால்தான் எடுபடும். சிவப்பிரகாசம் தயங்கினார். வெங்கடசாமி அவரைத் திட்டவில்லை. கடை யார் கட்டடத்தில் இருக்கிறது என்று மட்டும் நினைவுபடுத்தினார்.

சிவப்பிரகாசத்துக்கு எழுத்து நன்றாக வரும். கழுத்தை அறுப்பது போன்ற சைகைக்கு வேறு எங்கே என்ன அர்த்தம் என்று யோசித்தார். மைக் செட் வைப்பவர்கள் சத்தத்தை நிறுத்துவதற்கு அப்படிக் காட்டுவார்கள் என்பது ஞாபகம் வந்தது. ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியதால், அதை நிறுத்தும்படி திரு. கஜபதி அவர்கள் ஒலிபெருக்கிக்காரருக்குச் சைகை காட்டினார்கள், அதைச் சில விஷமிகள் திரித்துக் கூறுகிறார்கள் என்று எழுதினார். அடியில் தன் பேரைப் போட்டார். அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு வார்த்தை காட்டிவிடலாம் என்று தியேட்டர் ஆபீசுக்குப் போனார்.

கஜபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"மைக்கா? நல்லாக் கீதே பிரகாசம். எனக்கே இது தோணல."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் தெரிந்துவிட்டது. அப்போதாவது அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்கலாம். சிவப்பிரகாசமும் சிரித்தார். கும்பிட்டுவிட்டு நேராக அச்சகத்துக்குப் போனார்.

நோட்டீஸ் கடைக்குக் கடை ஒட்டப்பட்டது. பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரிச் சுவரிலும் ஒட்டினார்கள். ஊருக்கே நிம்மதி. அதுவரைக்கும் ஜூடித் டீச்சரிடம் தலைகுனிந்து பேசியவர்கள்கூட, இதை முதலிலேயே விசாரித்திருக்கலாமே டீச்சர் என்று புத்தி சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டு நோட்டீஸைக் காட்டினார். மேடையில் இருந்த செயலாளரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், நான் என்ன செய்ய முடியும் என்று புகாரை மூடிவைத்தார்.

ரெண்டு நாள் கழித்து டேவிட் ஷிஃப்ட் முடிந்து, சுரங்கத்தில் தலையில் போடும் தொப்பியோடு நேராகக் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. வாடிக்கையாளர்கள் போகும்வரை ஓரமாக நின்றார்.

"மேடையில நீங்க பக்கத்துல இருந்தீங்க சார். இன்னா பாத்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

நோட்டீஸில் இருப்பதுதான் என்றார் சிவப்பிரகாசம். கையிலிருந்த சொம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்க வேலையில மூணு தடவை மணி அடிச்சா, கேஜ்ல ஆள் ஏறிக்கிறான்னு அர்த்தம். அந்த மணிக்கு வேற அர்த்தம் கிடையாது சார். இல்ல, அது சும்மா அடிச்ச மணின்னு மேல இருக்கிறவன் சொன்னான்னு வைங்க, உள்ள இருக்கிறவன் செத்துடுவான்." டேவிட் ஓர் அடி முன்னால் வந்தார். "அவரு காட்டினது எங்களுக்குப் புரிஞ்சுது. அவரு பசங்களுக்கும் புரிஞ்சுது. உங்களுக்கு மட்டும்தான் புரியல."

அவர் போனபிறகு சிவப்பிரகாசம் அதே சொம்பை மறுபடியும் துடைத்தார்.

அந்தச் சைகை ஊருக்குள் நடமாட ஆரம்பித்தது. தியேட்டர் கியூவில் காட்டினார்கள். பஸ்ஸில் கழுத்தில் சிலுவை போட்ட பெண்களைப் பார்த்துக் காட்டினார்கள். மிஷன் பள்ளி கேட்டுக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்து, பிள்ளைகள் வெளியே வரும்போது காட்டினார்கள். யாராவது கேட்டால் பதில் தயாராக இருந்தது: மைக்கை நிறுத்தச் சொல்றோம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். காய்கறிக் கடையில் ராஜம் கண்முன்னாலேயே ஒருவன் ஜூடித் டீச்சரிடம் அப்படிக் காட்டினான். கடைக்காரர் குனிந்து கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து ராஜம் அதைச் சொன்னாள். சிவப்பிரகாசம் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அனுப்ரியா பேண்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு. சர்ச் ஆராதனை முடிந்து, பள்ளி மைதானத்தில் கிறிஸ்துமஸுக்கான பேண்டுப் பயிற்சி. மதியம் மூன்று மணி, நல்ல வெயில். நாலு பேர் சுவரேறி உள்ளே வந்தார்கள். டேவிட் டிரம்பெட்டை வாயில் வைத்து ஒரு ராகத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் முன்னால் நின்று கழுத்தில் விரலை இழுத்தான். டேவிட் வாசிப்பதை நிறுத்தவில்லை. இரண்டாமவன் இரும்புக் கம்பியால் டிரம்பெட்டின் மீதே ஓங்கி அடித்தான். பித்தளை ஊதுவாய் அவர் வாய்க்குள் ஏறியது. மேல் வரிசையில் ஐந்து பற்கள் போயின, உதடு இரண்டாகக் கிழிந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு நாலாபக்கமும் ஓடினார்கள்.

இருவர் பிடிபட்டார்கள். ஸ்டேஷனில் அவர்கள் அழவில்லை, பயப்படவும் இல்லை. சத்தம் ஜாஸ்தியா இருந்தது, நிறுத்துன்னு சைகை காட்டினோம், கேக்கல என்றார்கள். ஒருவன் சட்டைப்பையிலிருந்து மடித்துவைத்த நோட்டீஸை எடுத்து இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தானாம். பாருங்க, பெரிய மனுஷங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க, இது தப்பான சைகை இல்லையே என்றானாம். இந்தச் செய்தி அரை மணி நேரத்தில் மார்க்கெட் தெருவுக்கு வந்து சேர்ந்தது. சொன்னவன் அதை வேடிக்கையாகத்தான் சொன்னான். சிவப்பிரகாசம் கல்லாவை விட்டு எழுந்தார். வாசலில் அடுக்கிய குடங்களை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

டேவிட் கட்டிலில் கிடந்தார். மூக்குக்குக் கீழே எல்லாம் கட்டு. கண் மட்டும் திறந்திருந்தது. சிவப்பிரகாசத்தைப் பார்த்தார். உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஜூடித் டீச்சர் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். புடவை முன்றானையில் ரத்தம் காய்ந்திருந்தது. சிவப்பிரகாசம் தனக்கு மனசே சரியில்லை என்றும், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றும், செலவை எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொல்ல ஆரம்பித்தார்.

"வேணாம் சார்" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "இன்னிக்கு உங்களுக்கு மனசு சரியில்ல. அன்னிக்கு நான் ஸ்டேஷன்ல தனியா உக்காந்திருந்தேன். நீங்க பாத்ததை நீங்க சொல்றதுக்கு, என் வீட்டுக்காரர் வாய் கிழியணுமா?"

 டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தார். ராஜத்திடம் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னார். உண்மையைச் சொன்னால் கடையைக் காலி செய்யச் சொல்வார்கள், இந்தத் தெருவில் வேறு இடம்கூடக் கிடைக்காமல் பண்ணுவார்கள் என்றும் சொன்னார். ராஜம் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நானும் பாத்தேங்க. நீங்க சொல்லட்டும்னு இத்தினி நாளு வாயை மூடிக்கினு இருந்தேன். அதுவும் தப்புதான். வாங்க போலாம்."

இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டருக்கு இது பிடிக்கவில்லை. நோட்டீஸ் பொய்யா என்று மூன்று முறை கேட்டார். பொய், நான் யோசித்து எழுதின பொய், எழுதியபோதே தெரியும் என்று மூன்று முறையும் சொன்னார் சிவப்பிரகாசம். கஜபதி என்ன பேசினார், யாரைப் பார்த்தார், விரலை எங்கிருந்து எங்கே இழுத்தார், நோட்டீஸைப் படித்துவிட்டு என்ன சொன்னார் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராஜம் தனியாக ஒரு தாள் கேட்டு வாங்கி, தான் பார்த்ததைத் தன் கையால் எழுதினாள்.

மறுநாள் காலை, அவர்கள் எதிர்பார்க்காத ஒருவர் ஸ்டேஷனுக்குப் போனார். விழாவுக்கு மைக் செட் போட்ட தங்கவேலு. எனக்கு யாரும் எந்தச் சைகையும் காட்டவில்லை, நான் அப்போது மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்தேன், அங்கிருந்து சாவுகாரின் முதுகுகூடத் தெரியாது என்று சொன்னார். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து தன்னிடம் ஒருவரும் இதைக் கேட்கவில்லை என்றும், கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது, செயலாளரே சொன்னபிறகுதான் தைரியம் வந்தது என்றும் சொன்னார். மூன்று வாக்குமூலம் ஆனபிறகு புகாரை மூடிவைக்க முடியவில்லை. கஜபதியின் மேல் வழக்குப் பதிவானது. அவர் அன்றைக்கே முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். வழக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள்கள் பள்ளி கேட்டை விட்டுப் போயின.

கடையை ஒரு மாதத்தில் காலி செய்யும்படி சிவப்பிரகாசத்துக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே வியாபாரிகள் சங்கக் கூட்டம். தானியம் விற்கும் தவசக் கடை மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடசாமி ஒரு மன்னிப்புக் கடிதத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். குழப்பத்தில் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால், கடை விஷயத்தைத் தான் பேசி முடிப்பதாகச் சொன்னார். ஃபேக்டரி வேண்டாமா, ஊர் பிழைக்கவேண்டாமா என்றார்கள் மற்றவர்கள். ஒரு கையசைவுக்காக ஒரு பெரிய மனிதரை இப்படிச் சந்திக்கு இழுக்கலாமா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

சிவப்பிரகாசம் எழுந்து நின்றார். அவருக்கு மேடைப் பேச்சு வராது.  ஆனாலும் பேசினார்.

"அவரு ரெண்டு தடவைதான் கழுத்துல விரலை இழுத்தாரு. அதுக்கப்புறம் அவரு ஒண்ணுமே செய்யல. மீதியெல்லாம் செஞ்சது நாம. பூச்சின்னோம், காலருன்னோம், கழுத்து வலின்னோம். நான் மைக்குன்னு எழுதினேன். அவரு காட்டினதை நாம தப்புன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, அந்தப் பசங்க கம்பியைத் தூக்கியிருக்க மாட்டானுங்க. தப்பில்லன்னு நாம கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம். தூக்கிட்டானுங்க." அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பூச்சி என்று சொன்னவர் கீழே பார்த்தார். "பெரிய மனுஷன் ஒருத்தன் இன்னொருத்தனை அறுப்பேன்னு காட்டறப்ப, அதுக்குக் காரணம் தேடிக் குடுக்கிறவன் நடுவுல நிக்கிறவன் இல்ல. அவனும் கத்தியைப் புடிச்சுக்கினு நிக்கிறவன்தான். நான் புடிச்சேன். நீங்களும் புடிச்சிருக்கீங்க. நான் கீழே போட்டுட்டேன். நீங்க எப்போ போடப்போறீங்க?"